சிவப்புப் பையில் இருபத்திரண்டு உருப்படிகள்

எங்கள் முதியோர் இல்லத்தில் அவருக்கு டைரக்டர் என்று பெயர். படம் எதையும் அவர் இயக்கியதில்லை. இயக்கியதெல்லாம் சக்கர நாற்காலிகளைத்தான். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வளைவில் திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள தேநீர் தளும்பாது.

தரைத்தளமும் சலவைக்கூடமும் இருபத்தாறு வருடம் என் பொறுப்பில் இருந்தன. வேலை கேட்டு வந்தவரை நான்தான் நேர்காணல் செய்தேன். ஏற்கெனவே எங்களிடம் இஸ்திரிப் பிரிவில் இருந்த அவர் மனைவி கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றாள்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"புதுத் துணியைப் பழசாக்குவேன் அக்கா."

"அதுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே."

"என் பசங்க ரெண்டு பேரும் அதை இலவசமாவே செஞ்சாங்க," என்றேன். கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர் சொன்னது உண்மை என்று பிறகுதான் புரிந்தது. சினிமாவில் ஒரு பிச்சைக்காரன் வருகிறான் என்றால், அவன் சட்டை கடையில் மடித்து வைத்திருந்த மாதிரி இருக்க முடியாது. யாராவது அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், தேயிலைத் தண்ணீரில் முக்க வேண்டும், பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிட வேண்டும், காலரில் மெழுகைப் பூசி அழுக்கேற்ற வேண்டும். தன் நாட்டில் பதினேழு வயதில் விளம்பரப் பலகைக்கு வண்ணம் கலக்கப் போனவர், அங்கிருந்து செட் போடுகிற இடத்துக்கு ஏறி, அட்டை அரண்மனைக்குப் பாசி பிடிக்க வைத்து, கடைசியில் துணியில் வந்து நின்றார்.

இந்த நாட்டுக்கு வந்தது மச்சான் பேச்சை நம்பி. "இங்க சினிமா கம்பெனி தெருவுக்கு ரெண்டு இருக்கு மாப்ளே," என்று மனைவியின் அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பொய்யில்லை. கம்பெனிகள் இருந்தன. வாசலில் காவலாளிகளும் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஒன்றிரண்டு இடத்தில் உள்ளே போனபோது, செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். பழைய படத்துப் புகைப்படங்களைக் காட்டினார்.

"இது வெறும் பழைய சட்டையா இருக்கே."

"அதான் சார் என் வேலை."

விளையாடுகிறார் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். வேலை சரியாக வந்திருந்தால் வேலை நடந்ததே தெரியாது. இதுதான் அவர் தொழிலின் கோளாறு. வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு மோசமில்லை. எங்கள் தொழிலைத் தவிர. படுக்கைப்புண் வராத நோயாளியைப் பார்த்து யாரும் செவிலிக்குக் கைதட்டுவதில்லை.

ஆனாலும் கலையை அவர் விடவில்லை. ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குச் சாந்துப் பழங்கள் செய்து கொடுத்தார். ஒரு வாடிக்கையாளர் கடித்துப் பல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. ஒரு படத்தில் கூட்டத்தில் ஒருவராக நான்கு நாள் மழையில் நின்றார். படம் வந்ததும் மனைவியையும் மச்சான் குடும்பத்தையும் அரங்குக்கு அழைத்துப் போனார். "இப்ப வரும். இப்ப. அதோ." அவர்கள் பார்ப்பதற்குள் போய்விட்டது. வந்தது அவருடைய முழங்கை மட்டும்.

"பரவால்ல மாப்ளே. முழங்கை நல்லா நடிச்சிருக்கு," என்றாராம் மச்சான்.

எங்களிடம் வந்தபின் செவ்வாய்க்கிழமைகளில் முதியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார். ஒருமுறை உணவுக்கூடத்துச் சுவருக்கு வண்ணம் பூசும் பொறுப்பைத் தெரியாத்தனமாக அவரிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால், நூறு வருடமாக மழையில் நனைந்த சுவர் நின்றது. தத்ரூபம். திரும்ப வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

ஆள் வருவதற்கு முந்தைய நாள் தன் சித்தியைப் பார்க்க ஒரு பெண்மணி வந்தார். பெரிய படங்களுக்கு உடைப் பிரிவுத் தலைவி. சித்திக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்து ஈரமா என்று பார்த்தார். விரலை முகர்ந்தும் பார்த்தார்.

"யாரு பண்ணது இது?"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் தேநீர் வண்டியோடு வந்துவிட்டார்.

அப்படிக் கிடைத்தது அந்த வாய்ப்பு. நாற்பது நாள் மழையில் மலை கடந்து போகும் ஒரு கூட்டத்தின் கதை. கடையிலிருந்து அப்போதுதான் வந்த இருபத்திரண்டு பருத்திக் கோட்டு, சட்டை, கால்சட்டைகளை அந்த அம்மாள் கொடுத்தனுப்பினார். மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை பத்து மணிக்குத் தன் மேசையில் இருக்க வேண்டும் என்றார். பிடித்திருந்தால் வேலை. பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், வரிசையில் வேறு இருவர் இருந்தார்கள்.

டைரக்டருக்கு ஐம்பத்தொரு வயது. இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம். "இதை விட்டா அடுத்தது வர்றதுக்குள்ள என்னை யாராச்சும் நாற்காலில வச்சுத் தள்ளணும் அக்கா," என்றார்.

மூன்று வாரமும் அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தாள். "குளியல் தொட்டி பூரா சேறு. நான் எங்கக்கா குளிக்கிறது? பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. கேட்டா, கலையாம்." ஆனால் உருப்படிகள் எப்படி வருகின்றன என்று நான் கேட்டபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தா அழுகை வரும்க்கா. யாரோ செத்துப் போனவங்க துணி மாதிரி இருக்கு."

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. அன்றைக்கென்று பெருமழை; அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஈரம் பட்டால் சேறு கரைந்துவிடும். உருப்படிகளைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்கு ஓடி வந்தவர், சலவைக்கூடத்துப் பின் அலமாரியில் வைத்தார். வைத்ததும் சரி, இடமும் சரி. எதில் வைத்தார் என்பதில்தான் கெட்டது காரியம்.

எங்கள் இல்லத்தில் வெள்ளைப் பை சாதாரண அழுக்குக்கு. நீலப் பை படுக்கை விரிப்புக்கு. சிவப்புப் பை தொற்றுநோய்க்காரர் துணிக்கு. பராமரிப்பாளர் யாரும் சிவப்புப் பையைப் பிரிக்கக் கூடாது. கட்டி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட வேண்டும். டைரக்டருக்கு இது நன்றாகத் தெரியும். பதினொரு வருடமாக அவர் சிவப்புப் பையைத் தொட்டதில்லை. ஆகவே உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நான்கு சிவப்புப் பைகளில் போட்டுக் கட்டிவிட்டார்.

பராமரிப்பாளர் தொடாத அந்தப் பையை யாராவது ஒருவர் தொட்டுத்தானே ஆக வேண்டும். அது சலவைப் பொறுப்பாளர். அதாவது நான். சிவப்புப் பை கண்ணில் பட்டால் முதலில் துவைக்க வேண்டும், பிறகுதான் யாருடையது என்று கேட்க வேண்டும். என் பயிற்சி அப்படி.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தேன். மறுநாள் அரசு ஆய்வாளர் வருகிற நாள். பின் அலமாரியில் நான்கு சிவப்புப் பைகள். கையுறை மாட்டிப் பிரித்தால் இரத்தம், சேறு, எண்ணெய், கிழிசல். மேல்தளத்தில் யாரையோ விபத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் ஊறல். பிறகு கொதிநீர், கிருமிநாசினி, இரண்டு சுற்று. எல்லாம் பருத்தி என்பதால் தப்பித்தது. கம்பளியாக இருந்திருந்தால் சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகியிருக்கும். கிழிசல்களை ஏழாம் அறைத் தையல்காரரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்றவர், கை சும்மா இருந்தால் மற்றவர்களின் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார். மதியத்துக்குள் அத்தனையும் இழை தெரியாமல் தைத்துவிட்டார். அழுத்து இயந்திரத்தில் கொடுத்து நானே மடிப்பெடுத்தேன். தொழிலில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு கறை மிஞ்சவில்லை.

இரண்டு மணிக்குப் புருஷனும் மனைவியும் வேலைக்கு வந்தார்கள்.

"அக்கா, பின் அலமாரில சிவப்புப் பை நாலு இருந்துச்சே," என்றார் டைரக்டர்.

"இருந்துச்சு. பாத்தாச்சு. கவலைப்படாதீங்க."

"பாத்தாச்சுன்னா?"

"துவைச்சாச்சு."

அவர் திரும்பி, உருப்படிகள் தொங்கிய கம்பியைப் பார்த்தார். அப்படியே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மனைவி போய் ஒரு கோட்டின் காலரைப் புரட்டினாள்.

"அடேயப்பா, எப்படிப் போயிருக்கு பாரு. என்ன பவுடர்க்கா போட்டீங்க?" என்றவள், பாதியில் அது எந்தக் கோட்டு என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாப்பது நாளா மலையேறுன கூட்டம்க்கா அது," என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல.

"இப்ப கல்யாணத்துக்குக் கிளம்பின கூட்டம்," என்றாள் மனைவி.

பையைத் துவைத்தது நான். சிவப்புப் பையில் போட்டது அவர். யாருடைய தவறு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்க நேரமில்லை. "என்னால ஆனது. மன்னிச்சுக்கோங்க. எவ்வளவு நேரத்துல திரும்பப் பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"மூணு வாரம்."

"நாப்பத்து நாலு மணி நேரம் இருக்கு. எது ரொம்ப நேரம் எடுக்கும்?"

"அழுக்கு ஒண்ணுமில்லக்கா, ஒரு பொழுது. உடம்புதான் பாடு. முட்டி மடங்கணும், முழங்கை தேயணும், பாக்கெட் தொங்கணும். மனுஷன் உள்ள இருந்த மாதிரி துணி தளரணும். அதுக்குத்தான் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் கசக்கி..."

"உடம்புதானே," என்றேன். "இங்க முப்பத்தொண்ணு இருக்கு."

முதியவர்களை வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். அதனால் தேநீர் நேரத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லி, விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றேன். பதினெட்டுக் கைகள் எழுந்தன. நாடகத்தில் நடிக்கப்போகிறோம் என்று நினைத்தவர்களும் அதில் உண்டு. திருத்தினேன், கையை இறக்கவில்லை. மீதி நான்கு உருப்படிகளை நானும் டைரக்டர் மனைவியும் சமையல்காரரும் தோட்டக்காரரும் எடுத்துக்கொண்டோம். இரண்டு நிபந்தனை போட்டேன்: ஈரத் துணி எதுவும் என் ஆட்கள் மேல் படக் கூடாது, சேறும் சாயமும் அவர்கள் கழற்றிக் கொடுத்த பிறகுதான்.

தையல்காரர் மட்டும் முறைத்தார். "காலையில தைங்கன்னு குடுத்தீங்க. இப்ப கிழிங்கங்கறீங்க. நான் கிழிக்க மாட்டேன்."

"கிழிக்க வேண்டாம் ஐயா," என்றார் டைரக்டர். "நீங்க போட்ட தையலை மட்டும் பிரிச்சுக் குடுங்க."

"பிரிக்கிறது வேற," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை உணவிலிருந்தே எல்லோரும் உடுத்திவிட்டார்கள். டைரக்டர் ஒரு சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தார். யார் எங்கே சாய்கிறார்களோ, எங்கே துடைத்துக்கொள்கிறார்களோ, அங்கே ஒரு கோடு.

"அக்கா, பாத்தீங்களா? நான் ரெண்டு முழங்கையையும் ஒரே மாதிரி தேய்ச்சிருந்தேன். யாருமே ரெண்டையும் ஒரே மாதிரி ஊன்றதில்ல," என்றார். ஐந்தாம் அறை அம்மாள் எதைத் தொட்டாலும் இடது இடுப்பில் துடைத்தார். ஓய்வு பெற்ற எழுத்தருக்கு வலது மணிக்கட்டு மட்டும். கப்பலில் எந்திரம் பார்த்த பெரியவர் ஒருவர் உண்டு, கப்பல்காரர் என்போம். சாப்பிடாத நேரமெல்லாம் கீழ்ப் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவருடைய பை ஒரு நாளிலேயே வாய் பிளந்து தொங்கிற்று. டைரக்டர் அதற்கு இரண்டு கோடு போட்டார்.

பதினொரு மணிக்கு அரசு ஆய்வாளர் வந்தார். தோட்டத்தில் பதினெட்டுப் பேர் பெரிய பெரிய கோட்டுகளில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் ஐந்தாம் அறை அம்மாளிடம் குனிந்து, "ஏம்மா, உங்களுக்கு நல்ல துணி குடுக்கிறதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாங்க நாப்பது நாளா நடக்கிறோம்மா," என்றார் அம்மாள். "இன்னும் மலை வரல."

ஆய்வாளர் ஞாபகமறதி என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அந்த அம்மாளுக்கு என்னைவிட நல்ல ஞாபகம். குறுக்கிட்டு முழுக் கதையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அறிக்கையில் அந்தப் பக்கத்தில் இரண்டே வரி: "உறைவோர் உற்சாகமாக உள்ளனர். உடைகள் கவனிக்கப்பட வேண்டும்."

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி வாங்கினோம். அதன்பின் சலவைக்கூடத்தில் நடந்தது நான் எதிர்பாராதது. உப்புத்தாளும் மெழுகும் சினிமா இரத்தமும் அவர் கையில். மற்ற கறையெல்லாம் யார் கையில் என்றால், அவர் மனைவி கையில்.

"தேயிலைத் தண்ணியா? அது ரெண்டே அலசல்ல போயிடும். தள்ளுங்க," என்றாள். "எது போகாதுன்னு எனக்குத்தான் தெரியும். துரு போகாது. கிரீஸ் போகாது. புல்லை ஈரமா தேய்ச்சா சென்மத்துக்கும் போகாது."

"இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேட்டாத்தானே. நான் வெறும் இஸ்திரிக்காரி."

அவர் கோடு காட்டினார். அவள் கறை வைத்தாள். ஏழு மணிக்குள் உலர்த்தியிலிருந்து கடைசிக் கோட்டு வெளியே வந்தது. பார்த்தேன். எனக்குக் கை பரபரத்தது, துவைக்க. அதுவே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வெள்ளைப் பைகளில் உருப்படிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்பதரைக்குக் கப்பல்காரர் என் மேசைக்கு வந்து, வாயைக் குழித்துக்கொண்டு, கீழ்த் தாடையைச் சுட்டிக் காட்டினார். பல்செட் இல்லை. எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அன்று காலை உணவுக்கு அடம்பிடித்து அந்தக் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்; கழற்றி வாங்கும்போது பையைத் துழாவ மறந்தது நான். ஒரு வாரத்தில் இரண்டாவது தப்பு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வாடகைக் கார் பிடித்தேன்.

அந்த இடம் ஒரு பெரிய கிடங்கு. நான் உள்ளே போனபோது இருபத்திரண்டும் நீண்ட மேசைமேல் பரப்பியிருந்தன. உடைத் தலைவி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வெழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"இந்தப் பாக்கெட் எப்படிப் பண்ணீங்க? உள்ள என்னமோ வருஷக்கணக்கா இருந்த மாதிரி இருக்கே," என்று அந்த அம்மாள் பைக்குள் கை விட்டார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றேன் வாசலிலிருந்து.

நேரம் கடந்துவிட்டது. கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பதினான்கு பற்கள், ஒரு ரொட்டித் துணுக்கோடு.

டைரக்டர்தான் தொண்டையைச் செருமினார். "அது உடைல சேராது மேடம்."

"யாரோடது?"

மழுப்பியிருக்கலாம். நானே இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் சிவப்புப் பையில் ஆரம்பித்து, துவைத்தது, பிரித்தது, சாக்குக்கட்டி, மனைவியின் துரு, ஐந்தாம் அறை அம்மாளின் இடுப்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். "மூணு வாரம் நான் பண்ணது இது இல்ல மேடம். அது போயிடுச்சு. இது ஒரு நாள்ல பதினெட்டுப் பேர் உடுத்தி வந்தது. மிச்சம்தான் என் கை." சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்ட முகம். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மருத்துவமனை வராந்தாக்களில்.

உடைத் தலைவி பற்களை என்னிடம் நீட்டினார். கையுறை இல்லாமல் வாங்க மாட்டேன் என்று காகிதத்தில் வைக்கச் சொன்னேன். பிறகு அவர் கோட்டுகளை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்து, மூன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இந்த மூணு வேணாம். சூப் கறை. மலையில சூப் ஏது? மத்தது எல்லாம் இருக்கட்டும். ரெண்டு முழங்கையும் ஒரே மாதிரி இல்லாம ஒருத்தர் கொண்டுவந்து இப்பத்தான் பாக்கிறேன். திங்கக்கிழமை வந்துடுங்க. இன்னும் நூத்தம்பது உருப்படி இருக்கு. அந்தத் துரு வைக்கிற அம்மா வருவாங்களா?"

"திங்கக்கிழமை முடியாது," என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு மாசம் முன்கூட்டியே சொல்லணும். ரெண்டு பேரும் போயிட்டா என் தளத்துக்கு ஆள் யாரு? சலவைக்கு யாரு?"

"அக்கா," என்றார் டைரக்டர். ஒரே சொல். பதினாறு வருடமும் அதற்குள் இருந்தது.

"சரி, புதன்கிழமை," என்றேன். "செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பு இருக்கு. அதை எடுத்துட்டுப் போங்க." அவர் மனைவியைப் பாதி நாள் எனக்கு, பாதி நாள் அவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவளைக் கேட்காமல் பேசியதற்காக அவளிடம் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டே காலுக்குப் பல்செட் கழுவி, கொதிநீர் காட்டி, கப்பல்காரர் வாயில் ஏறிவிட்டது.

மறு வருடம் அந்தப் படத்தை உணவுக்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். டைரக்டர் அதற்குள் வேறு இரண்டு படத்தில் இருந்தார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே எழுப்பி வைத்தேன். மலைக் கூட்டம் திரையில் ஏழு விநாடி வந்தது.

"அது என் கை," என்றார் ஓய்வு பெற்ற எழுத்தர். "அதோ, என் இடுப்பு," என்றார் ஐந்தாம் அறை அம்மாள். கப்பல்காரர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"உன் வேலை எதுன்னு தெரியுதா?" என்று, எங்களோடு பார்க்க வந்திருந்த டைரக்டர் தன் மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்த ரெண்டாவது ஆளோட கால்சட்டையில இருக்கிறது புல்லு," என்றாள். "ஆனா அந்தக் காய்ஞ்ச ரத்தம் உங்க வேலை. குளிர்ந்த தண்ணியில ஊற வச்சா போயிடும்."